அடங்காப்பிடாரிகள்

தென்பெண்ணை மணலில் கபடி ஆடி, முட்டிச் சிராய்ப்போடு திரும்பினால் திருக்கோவிலூரில் என் பெயர் ‘அடங்காப்பிடாரி’. தம்பிக்கும் அதே சிராய்ப்பு. அவன் ‘துடிப்பான பையன்’. எதிரணிக்குள் தனியாகப் பாடிப்போகும் துணிச்சலும், பிடிக்கையில் பக்கத்திலிருப்பவளை நம்பும் மனமும் இல்லாமல் கபடி ஏது?

ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் நுழைந்தது. பெண்கள் கபடிக்கு 2010 வரை இருபது ஆண்டுக் காத்திருப்பு. பெண்ணுக்குப் போர்க்குணம் இல்லையாம்!

2014 இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் தோற்ற ஈரான் பெண்கள், 2018இல் ஜகார்த்தாவில் 27–24 என வென்றார்கள். பயிற்றுநர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நான்கே ஆண்டில் குணமா மாறியது? விடாத பயிற்சி கிடைத்தது. எனக்கோ, வயதுக்கு வந்த நாளோடு ஆற்றுமணலே நின்றுபோனது. தம்பி தொடர்ந்து ஆடினான்.