பொதியின் மேல் ஒட்டிய சீட்டு: அயல்நாட்டு மின்னணுப் பொருள்களின் இறக்குமதிச் செலவும் சட்டச் சொற்களும்

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய மின்னணுப் பொருள் ஒன்று இந்தியாவில் வாங்கியவர் கைக்கு வந்து சேர்வதற்குள் ஆகும் செலவின் வரலாற்றை எழுதுவோர், சுங்க வரி விகிதங்களின் ஏற்ற இறக்கத்தையே பெரும்பாலும் அவ்வரலாறாகக் கொள்கின்றனர். இந்த வாசிப்புக்கு மிகுந்த வலுவைத் தந்தது, சௌமித்ரோ சாட்டர்ஜியும் அரவிந்த் சுப்ரமணியனும் 2020இல் வெளியிட்ட, இந்தியா மீண்டும் உள்நோக்கித் திரும்புவதைப் பற்றிய ஆய்வறிக்கையாகும். 1991க்குப் பின் படிப்படியாக இறங்கிவந்த வரி விகிதங்கள் 2014க்குப் பின் ஏறுமுகம் கண்டன என்பதும், உள்நாட்டுச் சந்தையின் அளவை மிகைப்படக் கணித்ததே இத்திருப்பத்துக்குக் காரணங்களுள் ஒன்று என்பதும் அவர்களுடைய வாதத்தின் சாரம். கைபேசிக்கான அடிப்படைச் சுங்க வரி 2017 ஜூலையில் 10 விழுக்காடாகவும், அதே ஆண்டு டிசம்பரில் 15 ஆகவும், 2018 பிப்ரவரியில் 20 ஆகவும் உயர்ந்தது இவ்வாதத்துக்கு நேரான சான்று. இவ்வகை வரிகள் இந்தியா ஏற்ற உறுதிமொழிகளுக்கு முரணானவை என உலக வணிக அமைப்பின் தீர்ப்புக் குழுக்கள் 2023 ஏப்ரலில் முடிவு கூறியதும் அதனோடு பொருந்துகிறது.

வணிகக் கொள்கையின் வரலாறாக இதை மறுப்பதற்கில்லை. ஆனால், அட்டவணையில் உள்ள வரிவிகிதத்தை அலகாகக் கொண்ட இந்த அளவுகோலைத் தனக்கென ஒரே ஒரு பொருளை வாங்கும் தனிமனிதரின் செலவுக்கும் பொருத்தினால் அது பிறழ்ந்துவிடுகிறது. மடிக்கணினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவாகி, மறு ஆண்டு இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்பப் பொருள் உடன்படிக்கையின் விளைவாக, மடிக்கணினியின் அடிப்படைச் சுங்க வரி சுழியமாயிற்று. விகிதங்களைக் கொண்டு வரையப்படும் எந்த வரைபடத்திலும் அது தடையற்ற பொருளாகவே தோன்றும். எனினும், உள்நாட்டு உற்பத்தி வரிக்கு ஈடாக இறக்குமதியின்மேல் விதிக்கப்பட்ட கூடுதல் தீர்வை அதன்மேல் இருந்தது. 2017 ஜூலை முதல் தேதிக்குப் பின் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியாக 18 விழுக்காடு வந்தது. உள்நாட்டுப் பொருளும் இதே வரியைச் சுமப்பதால் இது பாதுகாப்பு வரி ஆகாது என்று பொருளியலார் விலக்கிவிடுவது அவர்கள் நோக்கில் சரியே. ஆனால் மொத்தமாக இறக்குமதி செய்யும் வணிகர் தாம் கட்டிய 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது பின்னர் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாகப் பெறுகிறார். தனக்காக வாங்குபவருக்கு அந்த வழியில்லை. ஒரே விகிதம் ஒருவருக்கு இடைக்கால முன்பணமாகவும் மற்றவருக்கு இறுதிச் செலவாகவும் அமைவதை விகித வரைபடம் காட்டுவதில்லை.

இதைவிட ஆழமான சிக்கல், பொருள் எந்தத் தலைப்பின் கீழ் வைக்கப்படுகிறது என்பதில் உள்ளது. பன்னாட்டுச் சரக்குப் பெயரிடல் முறையில் 97 அத்தியாயங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. 98ஆம் அத்தியாயம் அந்தந்த நாட்டின் தனித் தேவைக்கென விடப்பட்டது. இந்தியச் சுங்கக் கட்டண அட்டவணையின் 98ஆம் அத்தியாயத்தில் 9804 என்னும் தலைப்பு, சொந்தப் பயன்பாட்டுக்கென அஞ்சல் வழியாகவோ வான்வழியாகவோ வருவனவும், 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டத்தின் தடைகளிலிருந்து விலக்குப் பெற்றனவுமாகிய தீர்வைக்குரிய பொருள்கள் அனைத்தையும் ஒரே கூட்டில் அடைக்கிறது. மற்றத் தலைப்புகள் பொருள் எது என்று கேட்கின்றன. இத்தலைப்பு அது யாருக்காக, எவ்வழியில் வந்தது என்று கேட்கிறது. ஹாங்காங்கிலிருந்து பெட்டி பெட்டியாக வரும்போது 85ஆம் அத்தியாயத்தின் மின்கருவியாக இருப்பது, தனிப்பொதியில் வரும்போது தன் பெயரை இழந்து வெறும் சொந்தப் பயன்பாட்டுப் பொருளாகிவிடுகிறது. 9804இன் அடிப்படை வரி 35 விழுக்காடாக இருந்த காலத்தில், அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 3.5, இவையெல்லாம் சேர்ந்த தொகையின்மேல் 28 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி எனக் கணக்கிட, மொத்தச் சுமை 77.28 விழுக்காடானது. அதே மடிக்கணினி வணிகச் சரக்காக வந்தால் 18 விழுக்காடு; வயதுவந்த பயணி ஒருவர் கையில் கொண்டுவந்தால் வரியே இல்லை. சென்னைத் துறைமுகத்தை அடுத்த பர்மா பஜாரில் அயல்நாட்டுச் சரக்கைக் கைப்பையில் சுமந்துவருவோருக்குக் ‘குருவி’ என்ற பெயர் ஏன் நிலைத்தது என்பதை இந்த மூன்று எண்களின் இடைவெளியே விளக்கப் போதும்.

9804இல் உள்ள ‘தீர்வைக்குரிய’ என்ற ஒரு சொல் தனியே ஆராயத்தக்கது. அடிப்படை வரி சுழியமான மடிக்கணினி தீர்வைக்குரிய பொருளா? ஆம் எனில், உடன்படிக்கை தந்த விலக்கு தனிப்பொதிக்கு எட்டாமற் போகிறது. இல்லை எனில், அது 9804க்குள் நுழையவே முடியாது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தீர்வை விதிக்கத்தக்கதும் இன்னும் தீர்வை செலுத்தப்படாததுமான பொருளே தீர்வைக்குரியது என்கிறது. ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியும் 1975ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டணச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்வழியே வசூலிக்கப்படுவதால், ஆம் என்ற விடைக்கு இடமுண்டு. ஆயினும் பொதுத் தலைப்பைவிடப் பொருளைத் துல்லியமாகப் பெயரிடும் தலைப்பே முந்தும் என்பது வகைப்பாட்டு விதிகளின் அடிப்படை. அதைக் கொண்டு நோக்கினால், பெயர் சொல்லி வரி நீக்கிய பொருளைப் பெயரில்லாத தலைப்புக்குள் தள்ளுவது சட்டத்தின் உட்கருத்துக்கு ஒவ்வாது என்றே கருத வேண்டியுள்ளது. 98ஆம் அத்தியாயத்துக்கெனத் தனிக் குறிப்புகள் இருப்பதால் இவ்வாதம் முடிவானதன்று. தலைப்பின் இன்றைய வாசகம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டுவதால் அவ்வடிவம் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. ஆனால் சொந்தப் பயன்பாட்டைத் தனி வகையாகக் காணும் எண்ணமும் அப்போதுதான் பிறந்தது என்று கொள்வதற்கு இது போதாது.

விகிதம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதும் விகித வரலாற்றில் விடுபட்டுப்போன பகுதி. 1988ஆம் ஆண்டுச் சுங்க மதிப்பீட்டு விதிகள், 1990இல் திருத்தப்பட்ட வடிவில், இறங்குமிடத்தில் சரக்கைக் கையாள உண்மையில் ஆன செலவு தெரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மதிப்பில் 1 விழுக்காட்டை அதற்கெனக் கூட்டச் செய்தன. இதை எதிர்த்து விப்ரோ நிறுவனம் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில், உண்மைச் செலவு தெரிந்த இடத்தில் கற்பனைச் செலவை ஏற்றுவது செல்லாது என 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலை சிறிதும் கையாளும் கூலி அதனினும் மிகச் சிறிதுமாக வரும் மின்னணுப் பொருளுக்கு இவ்வேறுபாடு பொருளுடையது. 2017 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டபோது அந்த 1 விழுக்காடு மறைந்தது. ஆனால் அதைக் காட்டிலும் பெரும் விளைவுடைய ஒரு வரம்பு அதே விதியில் முன்பே இருந்தது: வான்வழிச் சரக்கின் போக்குவரத்துச் செலவை, ஏற்றுமிட விலையின் 20 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது.

10,000 ரூபாய் விலையுள்ள கருவி ஒன்றுக்கு 4,000 ரூபாய் அனுப்புகூலி ஆனதாகக் கொள்ளலாம். வரம்பின்படி கூலியில் 2,000 மட்டுமே சேரும். காப்பீட்டுத் தொகை தெரியாதபோது விதி தரும் 1.125 விழுக்காடாகிய 112 ரூபாய் 50 காசு கூட, வரிக்கான மதிப்பு 12,112.50 ஆகிறது. அடிப்படை வரி 20, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 2, இவற்றோடு சேர்த்து 18 விழுக்காடு சரக்கு சேவை வரி என்றால் மொத்தம் 43.96 விழுக்காடு, செலுத்த வேண்டியது ஏறத்தாழ 5,325 ரூபாய். வரம்பைக் கவனியாது முழுக் கூலியையும் சேர்த்தால் அது 6,204 ஆகும். பழைய 1 விழுக்காடு இதில் ஏற்றியிருக்கக் கூடியது 53 ரூபாய். வரம்பை மறப்பதால் ஏறுவது 879 ரூபாய். வரி விகிதம் ஓர் இழையும் மாறாமலே செலவு இவ்வளவு மாறுகிறது.

இம்மதிப்பு எங்கிருந்து படிக்கப்பட்டது என்ற வினாவே மூலத்துக்குக் கொண்டுசெல்கிறது. சுங்கச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, அஞ்சலில் வரும் பொருளோடு இணைந்த சீட்டில் பொருளின் விவரமும் அளவும் மதிப்பும் இருப்பின், அச்சீட்டையே இறக்குமதிப் பதிவாகக் கொள்ளச் செய்தது. வணிகர் தாமே முன்வந்து தாக்கல் செய்யும் பதிவுக்கு ஈடாக, எங்கோ ஒரு நாட்டில் அனுப்புநர் எழுதிய துண்டுச் சீட்டு நின்றது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் சிஎன் 22 என்னும் அச்சீட்டில், அன்பளிப்பு, வணிக மாதிரி, ஆவணம், விற்பனைப் பொருள் என்று சிறு கட்டங்கள் உள்ளன. கீழே விவரம், எடை, மதிப்பு, கையொப்பம். ஒரு கட்டத்தில் இடும் குறி, பொருளின் வகையை மாற்றாமல் நோக்கத்தை மட்டும் மாற்றி, வரியையே அகற்ற வல்லதாயிருந்தது. எழுதுபவர் விற்பவர், விளைவைச் சுமப்பவரோ அதைப் பார்த்தேயிராத வாங்குபவர். சாட்டர்ஜி, சுப்ரமணியன் போன்றோரின் அளவுகோலுக்கு எட்டாத உண்மை இதுவே.

82ஆம் பிரிவை 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கி, பதிவின் வடிவத்தை ஒழுங்குவிதிகளின் பொறுப்பில் விட்டது. அதே ஆண்டின் சரக்கு சேவை வரி, மதிப்பீட்டுத் திருத்தம், கைபேசி வரி ஆகியவற்றோடு இதைச் சேர்த்து ஒரே திட்டத்தின் கூறுகள் என்று கொள்ளத் தோன்றும். ஆனால் மதிப்பீட்டுத் திருத்தம் வாங்குபவருக்குச் சாதகமாகவும் கைபேசி வரி பாதகமாகவும் சென்றதால், அவற்றை ஒரு நோக்கத்தில் கட்டுவது பொருந்தாது. 2019 டிசம்பர் 12இல் அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் இன்னும் தெளிவாகப் பேசியது: உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் நீங்கலாக, இணைய விற்பனைத் தளங்களில் வாங்கியவை உட்பட எப்பொருளும் அன்பளிப்பு என்ற பெயரில் அஞ்சலிலோ கூரியரிலோ வரிவிலக்குப் பெற்று வருவது தடுக்கப்பட்டது, முழு வரி செலுத்தினால் அன்பளிப்பும் வரலாம். சிஎன் 22 சீட்டில் அன்பளிப்புக்கான கட்டம் இன்றும் அச்சாகி வருகிறது. அதில் அனுப்புநர் இடும் குறியால் மின்னணுப் பொருளின் வரியில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. அதன் கீழே அவர் எழுதும் மதிப்போ, வரிக் கணக்கில் முதலில் படிக்கப்படும் எண்ணாகவே நீடிக்கிறது.