பழவேற்காட்டு ஏரியில் வெளிநாட்டு ஆய்வாளர்கள்

பழவேற்காட்டு ஏரியும் அதன் கரையிலுள்ள மீனவக் குப்பங்களும் நெடுங்காலமாக வெளிநாட்டு ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுவரும் இடங்களாகும். ஒல்லாந்தர் கால வரலாறு, மீனவர்களின் மரபுவழி மீன்பிடி உரிமைகள், உவர்நீர்ச் சூழலும் பறவைகளும் ஆகிய மூன்றும் இங்கு அவர்களை ஈர்க்கும் முதன்மையான துறைகள் ஆகும். ஆய்வு விசா, உயிரியற் பல்வகைமைச் சட்டம், வனத்துறை அனுமதி, விண்வெளி மையத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போன்றவை அவர்களது வருகையை மட்டுப்படுத்துகின்றன. இக்கட்டுப்பாடுகள் எல்லாத் துறைகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. எந்த வகை ஆய்வு இங்கு நடைபெறுகின்றது, எது நடைபெறுவதில்லை என்பதைப் பெருமளவில் இவையே முடிவு செய்கின்றன.

ஏரியும் குப்பங்களும்

பழவேற்காட்டு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. நீர்வரத்தைப் பொறுத்து இதன் பரப்பளவு ஏறத்தாழ 250 முதல் 460 சதுர கிலோமீட்டர் வரை மாறுபடும். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. சிறீஅரிக்கோட்டாத் தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கின்றது. ஏரியின் தென்முனையில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. ஊரைச் சுற்றிலும் பல மீனவக் குப்பங்கள் உள்ளன. ஏரியைக் கடலுடன் இணைக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது இக்குப்பங்களின் நீண்டகாலச் சிக்கல் ஆகும். முகத்துவாரம் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது குறைந்துவிடும்.

வரலாறு

ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனி 1610 ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் வணிக நிலையம் அமைத்தது. 1613 ஆம் ஆண்டில் கெல்டிரியா கோட்டை கட்டப்பட்டது. 1690 ஆம் ஆண்டு வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக இவ்வூர் விளங்கியது. இக்காலத்தில் இங்கிருந்து துணிகள் மட்டுமன்றி அடிமைகளாக்கப்பட்ட மனிதரும் கப்பலேற்றப்பட்டனர். 1824 ஆம் ஆண்டின் ஆங்கில–ஒல்லாந்த உடன்படிக்கைக்குப் பின்னர், 1825 இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது.

இங்கு தங்கி உள்ளூர்ச் சமூகத்தைப் பற்றி விரிவாக எழுதிய முதல் ஐரோப்பியர்களுள் ஒருவர் ஆபிரகாம் ரொகேரியஸ் ஆவார். ஒல்லாந்த மதகுருவான இவர் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் பணியாற்றினார். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு இவர் எழுதிய நூல், இவரது இறப்புக்குப் பின்னர் 1651 இல் லெய்டன் நகரில் ஒல்லாந்த மொழியில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பாவுக்கு முதன்முதலில் அறிமுகமானது இந்நூலின் வழியாகவே ஆகும். செய்தி பழவேற்காட்டிலிருந்து திரட்டப்பட்டு, நூல் வேறொரு நாட்டில் வேறொரு மொழியில் வெளியாகும் வழக்கத்துக்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

விடுதலைக்குப் பின்னர் ஏரியின் உயிரியல் ஆய்வில் இந்திய நிறுவனங்களே முன்னணியில் நின்றன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் அறிஞர் பி. ஜே. சஞ்சீவ ராஜ் பல பத்தாண்டுகள் இவ்வேரியை ஆராய்ந்தவர் ஆவார். மீனவர்களின் பாடு முறையைப் பற்றிச் செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 1991 இல் உரோமில் வெளியிட்டது. இதன்மூலம் பழவேற்காடு உலக மீன்வள ஆய்வாளர்களிடையே அறியப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த சாரா கோல்தார்ட், சுற்றுச்சூழல் மாற்றத்துக்கு இங்குள்ள மீனவர்கள் எவ்வாறு ஈடுகொடுக்கின்றனர் என்பது பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2008 இல் வெளியிட்டார்.

ஈர்க்கும் காரணிகள்

பாடு முறை

கோட்டைக்குப்பம் முதலிய சில குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் சமூகத்தினர், ஏரியில் குறிப்பிட்ட மீன்பிடி இடங்களைத் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது பாடு எனப்படும். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலையிடலாம் என்பதை ஊரே முடிவு செய்கின்றது. பொதுவளங்களை அரசின் துணையின்றி மக்களே ஆள முடியுமா என்பது உலகளாவிய ஆய்வுக் கேள்வியாகும். எலினோர் ஆஸ்ட்ரம் இத்துறைப் பணிக்காக 2009 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அக்கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் உயிருள்ள எடுத்துக்காட்டு பாடு முறை ஆகும். அதேவேளை, இம்முறை சாதி அடிப்படையில் அமைந்துள்ளதால் பிற மீனவர்களும் இருளர்களும் இதற்கு வெளியே நிற்கின்றனர். ஒழுங்கும் விலக்கலும் ஒன்றாக இருப்பதே ஆய்வாளர்களுக்கு இதனை மேலும் முக்கியமானதாக்குகின்றது.

ஆவணங்களும் சின்னங்களும்

பழவேற்காட்டிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் திஹேக், ஜகார்த்தா, கேப் டவுன், கொழும்பு, சென்னை ஆகிய நகரங்களில் பரவிக் கிடக்கின்றன. யுனெசுக்கோ 2003 இல் இவற்றை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

பறவைகளும் அணுக்க வசதியும்

ஏரிக்கு ஆண்டுதோறும் பூநாரை உள்ளிட்ட பல்லாயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வருகின்றன. ஆந்திரப் பகுதி 1976 இலும் தமிழகப் பகுதி 1980 இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. வானூர்தி நிலையம், பல்கலைக்கழகங்கள், மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனம் ஆகியவற்றைக் கொண்ட சென்னை அண்மையில் இருப்பதும், மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பித்து வருவதும் குறிப்பிடத்தக்கவை.

தடுக்கும் காரணிகள்

ஆய்வு விசா

சுற்றுலா விசாவில் வருபவர் ஆய்வு மேற்கொள்ள இயலாது. ஆய்வு விசா பெற, இந்திய நிறுவனமொன்றின் இணைப்பும் ஆய்வுத் தலைப்பு, செல்லும் இடங்கள் பற்றிய விவரங்களும் வேண்டும். ஆறு மாதங்களுக்கு மேல் தங்குபவர்கள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏரியில் இறால் வரத்தும் பறவை வரத்தும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியவை. ஆகவே அனுமதி சில மாதங்கள் தாமதமானாலும், ஆய்வாளர் ஓராண்டையே இழக்க நேரிடுகின்றது.

உயிரியற் பல்வகைமைச் சட்டம்

2002 ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி, வெளிநாட்டவர் இந்தியாவின் உயிரியல் வளங்களை ஆய்வுக்காகப் பெறுவதற்குத் தேசிய உயிரியற் பல்வகைமை ஆணையத்தின் முன் அனுமதி தேவை. இவ்வாணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே அமைந்துள்ளது. பழவேற்காட்டுச் சந்தையில் இறாலை வாங்கி உண்ண வெளிநாட்டவருக்குத் தடை எதுவும் இல்லை. அதே இறாலின் ஒரு துண்டுத் திசுவை மரபணு ஆய்வுக்கு எடுக்க அனுமதி வேண்டும். நடுவண் அரசின் நெறிமுறைகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டாய்வுத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. சட்டத்தை மீறினால் ஐந்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை என முன்னர் இருந்தது. 2023 ஆம் ஆண்டின் திருத்தத்தால் சிறைத்தண்டனை நீக்கப்பட்டு, பணத் தண்டம் மட்டும் வைக்கப்பட்டுள்ளது.

எல்லைகளும் பாதுகாப்பும்

ஏரி இரு மாநிலங்களில் பரவியுள்ளதால், சரணாலயத்தில் ஆய்வு செய்ய இரு மாநில வனத்துறைகளிடமும் அனுமதி பெற வேண்டும். களப்பணிக்குத் தமிழுடன் தெலுங்கும் தேவைப்படுகின்றது. சிறீஅரிக்கோட்டாவில் சதீஷ் தவான் விண்வெளி மையம் அமைந்திருப்பதால் தீவுக்குள் பொதுமக்கள் விருப்பம்போல் செல்ல இயலாது. ஏரியின் கிழக்குக் கரையை முழுமையாக ஆராய்வது இதனால் கடினமாகின்றது. செயற்கைக்கோள் தொலைபேசிகளை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றமாகும்.

கட்டுப்பாடுகளின் பின்னணி

இக்கட்டுப்பாடுகள் காரணமின்றித் தோன்றியவை அல்ல. 1970களில் தில்லியில் நடைபெற்ற கொசு மரபணுக் கட்டுப்பாட்டுத் திட்டம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வலசைப் பறவை ஆய்வு ஆகியவற்றில் அமெரிக்க நிதியின் பங்கு பற்றி ஐயங்கள் எழுந்தன. கொசுக்களும் பறவைகளும் நோய்களைப் பரப்பக்கூடியவை என்பதால், திரட்டப்படும் தகவல்கள் படைத்துறைக்குப் பயன்படக்கூடும் என்ற அச்சம் நிலவியது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1974–75 இல் இதைப்பற்றித் தனி அறிக்கை அளித்தது. கொசுத் திட்டம் 1975 இல் முடிவுக்கு வந்தது.

அடுத்ததாக, காப்புரிமைச் சிக்கல்கள் எழுந்தன. மஞ்சளின் புண் ஆற்றும் தன்மைக்கு அமெரிக்காவில் 1995 இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் எதிர்ப்பால் 1997 இல் நீக்கப்பட்டது. வேப்பெண்ணெய் சார்ந்த காப்புரிமையொன்றை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000 ஆம் ஆண்டில் இரத்துச் செய்தது. 1992 ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமை உடன்படிக்கை, உயிர்வளங்கள் மீது நாடுகளுக்குள்ள இறைமையை ஏற்றுக்கொண்டது. 2002 ஆம் ஆண்டின் சட்டம் இவற்றின் தொடர்ச்சியே ஆகும்.

2008 இல் டார்ஜிலிங் பகுதியில் அனுமதியின்றிப் பூச்சிகளைச் சேகரித்ததாகச் செக் நாட்டு ஆய்வாளர் இருவர் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். இந்நிகழ்வு வெளிநாட்டு உயிரியலாளர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது.

விளைவுகள்

ஆவணக்காப்பகத்தில் அமர்ந்து பழவேற்காட்டின் வரலாற்றை எழுதுபவருக்கு மேற்கண்ட தடைகளுள் பெரும்பாலானவை பொருந்தா. சமூகவியல் ஆய்வாளருக்கு விசாவே முதன்மையான தடையாகும். மீன், இறால், சேற்றுவாழ் உயிரினங்கள் ஆகியவற்றை ஆராய்பவரே எல்லா அனுமதிகளையும் பெற வேண்டியவராகின்றார். இதனால் வெளிநாட்டவரின் பணி ஏரியின் நீரைவிடக் கரையிலுள்ள மனிதரையே மிகுதியாகச் சார்ந்து அமைந்துள்ளது. நீர் பற்றிய ஆய்வு பெரும்பாலும் இந்திய நிறுவனங்களிடம் உள்ளது.

இந்நிலைக்கு இரு பக்கங்கள் உண்டு. உள்நாட்டு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றி, ஏரியைப் பற்றிய அறிவை இங்கேயே வளர்த்தனர். ஆனால் அனல் மின் நிலையம், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் ஆகியவை தெற்கிலிருந்து நெருங்கியுள்ள நிலையில், ஏரியின் மாற்றங்களை அறியச் சார்பற்ற அளவீடுகள் பல தேவைப்படுகின்றன. ஆய்வு நீதிமன்றத்திலும் பயன்படக்கூடியது. இறால் பண்ணைகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு, பழவேற்காட்டு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் அத்தகைய பண்ணைகளைத் தடை செய்தது. அவ்வழக்கில் அறிவியல் நிறுவனமொன்றின் கள அறிக்கை முக்கியச் சான்றாக அமைந்தது.

குப்பத்தின் இசைவு

விசாவைத் தூதரகமும், உயிர்வள அனுமதியைச் சென்னையிலுள்ள ஆணையமும் வழங்குகின்றன. உயிர்வள அனுமதியின்போது உள்ளாட்சியின் உயிரியற் பல்வகைமை மேலாண்மைக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சட்டத்தின் 41 ஆம் பிரிவு கூறுகின்றது. சமூகவியல் ஆய்வுக்கு அத்தகைய ஏற்பாடு விசா நடைமுறையில் இல்லை. எனினும் சோழமண்டலக் கரையின் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தே நடைமுறை அதிகாரம் கொண்டது. ஆம்சுடர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் பாவிங்க் 2001 இல் வெளியிட்ட நூல் இவ்வதிகாரத்தை விரிவாக விளக்குகின்றது. பஞ்சாயத்தாரின் இசைவின்றி எந்த ஆய்வாளரும் ஊரில் நெடுநாள் பணியாற்றுவது கடினமாகும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடற்கரைக் குப்பங்களுக்கு உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஏராளமான கணக்கெடுப்பாளர்கள் வந்தனர். ஒரே கேள்விகளுக்குப் பலமுறை விடையளித்தும் முடிவுகள் தம்மிடம் திரும்பி வராதபோது மக்கள் சலிப்படைவது உலகின் பல இடங்களிலும் பதிவாகியுள்ளது. பாடு முறை பற்றிய முதன்மையான ஆய்வுகள் ஆங்கிலத்திலேயே வெளிவந்துள்ளன. மீன்பிடி இடங்களின் மீதான மரபுரிமையை அரசிடமோ நீதிமன்றத்திலோ நிலைநாட்ட நேரும்போது, எழுத்து வடிவிலான இவ்வாய்வுகள் மீனவர்களுக்குச் சான்றாகலாம். பாடு முறைக்கு வெளியே நிற்பவர்களுக்கும் தமது குறையை எடுத்துரைக்க அவை உதவலாம். இரு தரப்பினரும் அவற்றைப் படிக்க முடியும்போதே இப்பயன் கிட்டும். ஆகவே முடிவுகளைத் தமிழிலும் தெலுங்கிலும் ஊருக்கு அளித்தல், அடுத்து வரும் ஆய்வாளர் அங்கு வரவேற்கப்படுவாரா என்பதை விசாவைப் போன்றே தீர்மானிக்கும் ஒரு காரணியாகும்.

இவற்றையும் பார்க்க

பழவேற்காடு
பட்டினவர்
கெல்டிரியா கோட்டை
உயிரியற் பல்வகைமை உடன்படிக்கை