இடம் மாறிய துணிவு: லூக்கா 23:51இல் யோசேப்பின் மறுப்பு

அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு யூத ஆலோசனைச் சங்கத்தாரின் முடிவுக்கு உடன்படவில்லை என்று லூக்கா 23:51 சொல்வதை ஆய்வாளர் பலர் வெறும் பூச்சுவேலையாகக் கொள்கின்றனர். சங்கத்தார் எல்லாரும் இயேசுவுக்கு மரணத்தீர்ப்பு அளித்தனர் என்பது மாற்குவின் கூற்று (14:64). அவர்களுள் ஒருவரே உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்தது நெருடவே, லூக்கா இந்த விலக்கைச் சேர்த்தார் என்பர். இன்னும் சிலர், யோசேப்பு பேசாமல் ஒதுங்கியிருந்தார் என்பதற்கு மேல் இத்தொடருக்குப் பொருள் இல்லை என்பர். முதற்கருத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். இரண்டாவது கருத்து லூக்காவின் சொல்லாட்சிக்கே முரணானது.

சிக்கல் ஒரே வினைச்சொல்லில் இருக்கிறது: சுங்கதாதித்தேமி. ஏற்கப்பட்ட மூலபாடத்தின்படி புதிய ஏற்பாட்டில் இது இங்கு மட்டுமே வருகிறது. கூட, கீழே, வை என்பன இதன் உறுப்புகள்; பிறர் வாக்குக் கல்லை வைத்த இடத்தில் தானும் வைப்பது இதன் அடிப்படை என்று அகராதிக்காரர் விளக்கியதுண்டு. சொற்பிறப்பைக் கொண்டே பொருளை முடிவுசெய்வது ஆபத்தானது. முதல் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு இசைதல் என்ற பொதுப்பொருளே வழங்கியது. எனவே லூக்காவின் வாசகர் இதை வேறெங்கே கேட்டிருப்பர் என்று பார்ப்பதே தக்கது.

கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் 23:1 முதற்சான்று. அநியாயக்காரனோடு சேர்ந்து பொய்ச்சாட்சி சொல்ல இசையாதே என்னும் விலக்கில் இதே வினை வருகிறது. அடுத்த வசனம் தீமை செய்யப் பெரும்பான்மையோடு சேராதே என்கிறது. பொய்ச்சாட்சிகள் வந்து நின்றதாக மாற்கு சொல்லும் வழக்கில் பெரும்பான்மையோடு சேராத ஒருவருக்கு லூக்கா இந்தச் சொல்லைத் தருவதும், அவரை ‘நீதிமான்’ என்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது சான்று, தானியேல் நூலின் கிரேக்க வடிவிலுள்ள சூசன்னா கதை. எங்களுக்கு இசைந்துவிடு, இல்லையேல் உன்மேல் பொய்ச்சாட்சி சொல்வோம் என்று இரு மூப்பர்கள் மிரட்டும் இடத்திலும் இதே வினைதான். அவள் இசைய மறுத்தது மௌனத்தால் அன்று. உரத்த குரலில் கூவினாள்.

இவற்றைவிட வலுவான சான்றை லூக்காவே தருகிறார். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது சவுல் கல்லைத் தொட்டதாக அவர் எழுதவில்லை. எறிந்தவர்கள் கழற்றிப் போட்ட மேலாடைகள் சவுலின் காலடியில் கிடந்தன. அவற்றைக் காத்துக்கொண்டு அருகே நின்றார், அவ்வளவே. ஆயினும் அவர் அக்கொலைக்கு உடன்பட்டிருந்தார் என்று லூக்காவின் அப்போஸ்தலர் நடபடிகள் இருமுறை சொல்கிறது (8:1, 22:20). அங்குள்ள வினை வேறுதான், அளவுகோல் ஒன்றே. சும்மா நிற்பதே உடன்பாடாகும் என்றால், உடன்படாதவர் என்ற பெயரைச் சும்மா இருந்து எவரும் பெற முடியாது. யோசேப்பு என்ன பேசினார் என்று லூக்கா எழுதவில்லை. நாமும் புனைந்துரைக்க வேண்டாம். ஆனால் தம் மறுப்பை அவர் வெளிப்படுத்தினார் என்றே இவ்வாசகம் வாசிக்கப்பட வேண்டும்.

இதற்குத் துணைநிற்கும் ஒரு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போனார் என்கிறார் மாற்கு (15:43). லூக்காவோ ‘துணிந்து’ என்பதை விட்டுவிட்டு, போனார் என்று மட்டும் சொல்கிறார். துணிவை அவர் அழிக்கவில்லை. ஆளுநரின் வாசலிலிருந்து எடுத்து, சக உறுப்பினர்கள் நடுவே வைத்தார். அந்நிய அதிகாரியை எதிர்கொள்வதைவிட, நாள்தோறும் முகம் பார்க்க வேண்டியவர்களிடம் ‘இல்லை’ என்பதே அரிது என்பதை லூக்கா உணர்ந்திருந்தார் என நம்புகிறேன்.

எல்லாரும் எழுந்து இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோனார்கள் என்று லூக்கா 23:1 சொல்கிறதே எனலாம். அது கூட்டத்தைக் குறிக்கும் பொதுவழக்கு. தலைகளை எண்ணிச் சொன்னதன்று. யோசேப்பு பயந்து மறைவாயிருந்த சீடர் என்று யோவான் 19:38 சொல்வது யோவானின் சித்திரம். அதைக் கொண்டு லூக்காவைத் திருத்துவது முறையாகாது.

யோசேப்பின் மறுப்பு தீர்ப்பை மாற்றவில்லை. லூக்கா அதை மறைக்கவும் இல்லை, அதனால் அவரைக் குறைத்து மதிக்கவும் இல்லை. அவரை இன்னும் சங்க உறுப்பினர் என்றே அழைக்கிறார். சங்கத்தில் இருந்துகொண்டே உடன்படாமல் நிற்பதும் விசுவாசத்தின் ஒரு வடிவம் என்பதற்குச் சுவிசேஷத்தில் இதைவிடத் தெளிவான இடத்தை நான் அறியேன். அடுத்த இரு வசனங்களில் யோசேப்பு உடலை இறக்கித் துணியில் சுற்றிக் கல்லறையில் வைக்கிறார். ‘வைத்தார்’ என்ற அந்த வினை, முன்பு கண்ட சொல்லின் வேரே. மாற்குவிலும் அது இருப்பதால் லூக்கா கருதிச் செய்த சொல்லாட்சி இது என வலியுறுத்த மாட்டேன். ஆயினும் பலரோடு சேர்த்து வைக்க மறுத்த கைதான், பிறகு தனியே இயேசுவை வைத்தது.