பேராசிரியர் ஃபிஷர் போட்ட கணக்கு

பி.காம் சேர்ந்தாலும் சேர்ந்தேன், வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஷேர் வாங்கலாம் சொல்லுப்பா?" போன மாதம் சித்தப்பாவும் கேட்டார். "தெரியாது" என்றால், காலேஜில் என்னதான் படிக்கிறான் என்று நினைப்பார். அதனால் அவருக்கு ஃபிஷர் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இர்விங் ஃபிஷர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். பணத்தின் அளவுக் கோட்பாடு என்று பரீட்சைக்கு உருப்போட்டோமே, அதில் வரும் சமன்பாடு இவருடையதுதான். வெறும் ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. அலுவலகக் குறிப்பு அட்டைகளைச் சட்டென்று தேடி எடுக்க ஒரு அமைப்பைக் கண்டுபிடித்து, அதில் பெரிய பணக்காரர் ஆனவர். அந்தப் பணத்தையும், போதாததற்குக் கடனையும் பங்குகளில் போட்டார்.

1929 செப்டம்பர் 3 அன்று டௌ ஜோன்ஸ் குறியீடு 381. அக்டோபர் நடுவில் ஃபிஷர், பங்கு விலைகள் ஒரு நிரந்தரமான உயரத்துக்கு வந்துவிட்டதாகத் தெரிகிறது என்றார். அக்டோபர் 24-ல் சரிவு தொடங்கியது. 28, 29 ஆகிய இரண்டே நாளில் கிட்டத்தட்ட கால்வாசி மதிப்பு போனது. 1932 ஜூலையில் குறியீடு வெறும் 41! பழைய 381-ஐ மறுபடி தொட 1954 நவம்பர் வரை ஆனது. உச்சத்தில் வாங்கிய நாற்பது வயதுக்காரருக்கு அப்போது அறுபத்தைந்து (டிவிடெண்டைச் சேர்க்காமல் சொல்கிறேன்).

ஃபிஷரின் சொத்து கரைந்தது. அவர் வீட்டைப் பல்கலைக்கழகமே வாங்கி, அவரையே வாடகைக்கு இருக்க வைத்தது.

"சரியாகச் சொன்ன ஆளே இல்லையா?" என்றார் சித்தப்பா. ஒருவர் இருந்தார். ரோஜர் பாப்சன், செப்டம்பர் 5-ம் தேதியே சரிவு வரும் என்றார். ஆனால் 1927-லும் 1928-லும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்! 1927-ல் அவர் பேச்சைக் கேட்டு விற்றவர், குறியீடு ஏறக்குறைய இரண்டு மடங்கானதை வேடிக்கைதான் பார்த்திருப்பார்.

ஆல்ஃபிரட் கௌல்ஸ் என்பவர் இதை எண்களாலேயே சோதித்தார். 16 ஆலோசனை நிறுவனங்கள் தந்த சுமார் 7,500 பரிந்துரைகளை அலசி 1933-ல் முடிவை வெளியிட்டார். அவற்றின்படி நடந்திருந்தால், சந்தைச் சராசரியைவிட ஆண்டுக்குச் சுமார் 1.4 சதவீதம் குறைவாகவே கிடைத்திருக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. கௌல்ஸின் கட்டுரை வந்த 'எகனாமெட்ரிகா' இதழில், அதே 1933-ல் ஃபிஷரும் எழுதினார். விலைவாசி விழும்போது கடன் சுமை எப்படிக் கனக்கிறது, அதனால் மந்தம் எப்படி முற்றுகிறது என்ற விளக்கம். 2008 நெருக்கடிக்குப் பிறகும் பொருளாதார நிபுணர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். வந்தபின் இவ்வளவு தெளிவாக விளக்கியவருக்கு, வருவதற்கு ஒன்பது நாள் முன்புகூட அது தெரியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, இப்ப வாங்கலாமா வேண்டாமா?" என்றார் சித்தப்பா.

"இது எதுக்கு வச்சிருக்கிற பணம்?" என்று கேட்டேன்.

"தங்கச்சி காலேஜ் ஃபீஸ். அடுத்த ஜூன்ல கட்டணும்."

அதற்குப் பிறகு நாங்கள் இருவருமே ஷேர் பேச்சை எடுக்கவில்லை.