நள்ளிரவில் வாக்களிக்கும் சிற்றூர்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவின் எல்லைக்கு அணித்தாக, நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் மலைகளுக்கிடையே டிக்ஸ்வில் நொட்ச் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. மலைக்கணவாயையே அப்பகுதி மக்கள் 'நொட்ச்' என்பர். விரல்விட்டு எண்ணத்தக்க குடிகளே வாழும் இவ்வூரின் பெயர், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகெங்கும் ஒலிக்கிறது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்ததும் வாக்களித்து, சில நிமிடங்களில் முடிவையும் அறிவித்துவிடும் ஊர் இது.

இவ்வழக்கத்தின் வேர் கேளிக்கையன்று; உழைப்பாளரின் தேவையே. நவம்பர் மாதத்து முதல் திங்களை அடுத்த செவ்வாய்க்கிழமையே தேர்தல் நாள் என்று 1845ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அது வேலைநாள். அதே மாநிலத்து ஹார்ட்ஸ் லொக்கேஷன் என்னும் ஊரில் வாழ்ந்த புகையிரதத் தொழிலாளர், வாக்குச்சாவடி திறக்குமுன்பே பணிக்குச் செல்லவேண்டியிருந்தது. ஆகவே 1948இல் அவ்வூரார் நள்ளிரவிலேயே வாக்களித்தனர். பதிவுபெற்ற வாக்காளர் அனைவரும் வாக்களித்து முடிந்தால் சாவடியை மூடி வாக்குகளை எண்ணலாம் என்பது அம்மாநிலச் சட்டம். பத்திரிகையாளரின் தொல்லையால் அலுப்புற்ற அவ்வூர், 1960களில் இவ்வழக்கத்தைக் கைவிட்டு, 1996இலேதான் மீண்டும் மேற்கொண்டது.

டிக்ஸ்வில்லில் இதனைத் தொடக்கியவர் நீல் டில்லட்சன் என்னும் றப்பர்த் தொழிலதிபர். 1954இல் அங்கிருந்த பால்சம்ஸ் என்னும் பெரிய ஹோட்டலை அவர் வாங்கினார். 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊரார் முதன்முறையாக நள்ளிரவில் வாக்களித்தனர். 2001இல் தமது நூற்றிரண்டாம் வயதில் மறையும்வரை, முதல் வாக்கைப் பெட்டியில் இடும் பெருமை பெரும்பாலும் அவருக்கே உரியதாயிருந்தது.

அவ்வூர் முடிவை நாட்டின் முடிவுக்கு முன்னறிவிப்பாகக் கொள்வாருமுண்டு. வரலாறோ அதற்கு இடந்தரவில்லை. 1960இல் ஒன்பது வாக்குகளும் நிக்சனுக்கே கிடைத்தன, வென்றவரோ கென்னடி. 1964இல் எட்டு வாக்குகளும் கோல்ட்வாட்டருக்கு, வென்றவர் ஜோன்சன். 1968இல் ஜனநாயகக் கட்சியின் ஹம்ப்ரிக்கு எட்டும் நிக்சனுக்கு நான்கும் கிடைத்தன. அம்முறை வென்றவர் நிக்சன். முதல் மூன்று தேர்தல்களிலும் ஊர் ஒரு வழியும் நாடு மறு வழியுமாகச் சென்றன.

அதன்பின் நீண்டகாலம் இவ்வூர் குடியரசுக் கட்சியின் கோட்டையாகவே நின்றது. 2000இல் புஷ்ஷுக்கு 21 வாக்குகளும் கோருக்கு 5 வாக்குகளும் விழுந்தன. 2008இல் காற்றுத் திசைமாறியது. ஒபாமா 15 வாக்குகளும் மக்கெய்ன் 6 வாக்குகளும் பெற்றனர். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் ஜனநாயகக் கட்சி அங்கே வென்றது. 2012இல் ஐந்துக்கு ஐந்து எனச் சமநிலை. 2020இல் ஐந்து வாக்குகளும் பைடனுக்கு. 2024இல் ஹரிசுக்கு மூன்று, டிரம்புக்கு மூன்று.

இம்மாற்றத்தை மனமாற்றம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 2011இல் பால்சம்ஸ் ஹோட்டல் மூடப்பட்டது. ஹோட்டலை அண்டி வாழ்ந்த ஊர் தேய்ந்தது. 2008இல் இருபத்தொருவர் வாக்களித்த இடத்தில் 2012இல் பதின்மரே வாக்களித்தனர். இத்தகைய ஊரில் ஒரு குடும்பம் பெட்டி கட்டினாலே அரசியற் சாய்வு புரண்டுவிடும். தொழில் அழிந்தால் ஊர் அழியும். ஊர் தேய்ந்தால் அதன் கருத்தும் உருமாறும்.

இங்கே ஆழ்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அரசாங்கம் அச்சிட்ட சீட்டில் மறைவாக வாக்களிக்கும் முறை 1856இல் ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளில் தோன்றியது. 1888இல் மசாசுசெட்ஸ் மாநிலம் அதனை ஏற்றது. முதலாளிக்கும் அயலானுக்கும் அஞ்சாது ஏழை தன் எண்ணத்தைத் தெரிவிக்க அதுவே கவசம். டிக்ஸ்வில்லிலும் வாக்காளர் தனித்தனி மறைவிடத்தில் நின்றே சீட்டை நிரப்புகின்றனர். ஆயினும் அனைத்து வாக்குகளும் ஒருவருக்கே விழும்போது, மறைவிடத்தால் எதனை மறைக்கமுடியும்? 2024இல் வாக்களித்த அறுவருள் நால்வர் குடியரசுக் கட்சியினராகப் பதிவுசெய்தவர்; இருவர் கட்சி குறிப்பிடாதவர். ஹரிசுக்கு மூன்று வாக்குகள் விழுந்தனவாயின், குடியரசுக் கட்சியினருள் ஒருவரேனும் கட்சியைக் கடந்து வாக்களித்தார் என்பது எளிய கணக்கு. அவர் யார் என்பதை ஊகிக்க அயலாருக்கு நெடுநேரம் வேண்டுவதில்லை.

அப்படியிருந்தும் அவர் தமக்குச் சரியெனப்பட்டதையே செய்தார். மறுநாளும் அதே அயலாரோடு அதே கணவாயில் வாழ்ந்தார். அன்றியும், ஒருவர் வாராதொழியினும் சாவடியை அவ்விரவில் மூடவியலாது. ஆதலால் ஒவ்வொருவரும் வந்தாகவேண்டும். கோடிக்கணக்கான வாக்குகளுக்கிடையே தன் ஒரு வாக்கினால் ஆவதென்ன என்று சோர்வோருக்கு, மலையிடையே நள்ளிரவில் விழித்திருக்கும் அச்சிற்றூர் தரும் விடை அதுவே.