டின்டின் பாதியில் நின்ற இடம்

பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே 1983 மார்ச்சில் இறந்தபோது, டின்டினின் கடைசிக் கதையான ‘டின்டினும் ஆல்ஃப்-ஆர்ட்டும்’ வெறும் ஸ்கெட்ச்சாகத்தான் இருந்தது. ஆரம்பப் பக்கங்களில் முகபாவம் வரைக்கும் தெரியுது. போகப் போக அவசரக் கிறுக்கலும் வசனமும்தான். கடைசியில் டின்டினை உயிரோடு சிலையாக்கிவிட, துப்பாக்கி முனையில் கூட்டிட்டுப் போறாங்க. அதோட நின்னுடுச்சு!

பல வருஷம் ஹெர்ஜேயின் வலது கையாக இருந்த பாப் டி மூர் முடித்துத்தரத் தயாராக இருந்தார். ஆனால் தனக்குப் பின் டின்டினை யாரும் தொடர வேண்டாம் என்பது ஹெர்ஜேயின் விருப்பம். மனைவி ஃபான்னி மறுத்துவிட்டார். 1986-ல் கிறுக்கல்களாகவே புத்தகம் வந்தது.

எனக்கு அதுதான் சரின்னு படுது. அச்சான ஆல்பங்களில் துல்லியமான ஒற்றைக் கோடு மட்டுமே மிஞ்சியிருக்கும். இங்கே அந்த ஒரு கோட்டைத் தேடி, ஒன்றன்மேல் ஒன்றாக அவர் போட்டுப் பார்த்த கோடுகள் எல்லாம் அப்படியே கிடக்கு, பாருங்க.