நோட்டன் பிரிட்ஜுக்கு வரும் கூனி

சம்பள நாளில் மலைநாட்டு நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் நெத்தலிக்கும் கட்டாக் கருவாட்டுக்கும் நடுவே கூனிச் சாக்கும் வாய் திறந்து நிற்கும். நூறு கிராம் வாங்கினால் சில நாள் சம்பலுக்குக் காணும். வறுத்து, மீசையைப் புடைத்தெடுத்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் சேர்த்து இடித்தால் ரொட்டிக்கு வேறெதுவும் வேண்டாம். தோட்டத்துச் சமையலில் கடலின் ருசியை மலிவாகக் கொண்டுவந்தது இதுதான். ஆனால் இதற்கு ஒரு பிறப்பும் பயணமும் உண்டென்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு பிடி கூனியைப் பேப்பரில் பரப்பிக் கிட்டே வைத்துப் பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு கூட்டம் கலந்திருப்பது தெரியும். ஒன்று அசிட்டஸ். முழுதாக வளர்ந்தாலும் விரலின் ஒரு கணுவைப் பெரிதாகத் தாண்டாத உயிர். இறாலுக்கு உரிய ஐந்து சோடி நடைகால்களில் கடைசி இரண்டு சோடி இதற்குக் கிடையாது. மற்றக் கூட்டத்துக்கு ஐந்தும் உண்டு. நெற்றியில் பல் வைத்த முள் நீண்டிருக்கும். இவை வளரவேண்டிய இறாலின் குஞ்சுகள். நீர்கொழும்புக் களப்பில் ஏராளமாகக் கிடைக்கும் மெட்டபீனியஸ் டொப்சோனி அவற்றில் ஒன்று. நான் பின்தொடர நினைப்பது அதன் பயணத்தை.

அது பிறப்பது களப்பில் அல்ல, வெளிக்கடலில். தாய் இறால் ஓடு கழற்றி உடம்பு மெத்தென்று இருக்கும் சிறு பொழுதில் ஆண் தன் விந்துப் பொதியை அதன் கால்களுக்கு நடுவிலுள்ள பையில் வைத்துவிடும். பிறகு ஓர் இரவில் தாய் முட்டைகளைக் கடலில் விடும். நண்டும் சிங்கிறாலும் முட்டையை வயிற்றின் கீழ் ஒட்டவைத்துச் சுமந்து திரியும். இந்த இறால் குடும்பம் அப்படிச் சுமப்பதில்லை. பல்லாயிரம் முட்டைகளைத் தண்ணீரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளுக்குள் அவை பொரிக்கும். வெளிவருவது இறால் போலவே இருக்காது: ஒரே கண், மூன்று சோடி உறுப்புகள், தின்ன வாய்வசதி இல்லை, உள்ளே இருக்கும் கருவுணவுதான் சாப்பாடு. அதற்கு நாப்ளியஸ் என்று பெயர். பலமுறை தோல் உரித்துப் புரோட்டோசோயியா ஆகும்போதுதான் நுண்பாசியைத் தின்னத் தொடங்கும். அடுத்த நிலை மைசிஸ். அது தலைகீழாகத் தொங்கி, பின்பக்கமாக நீந்தும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில்தான் கண்ணாடி ஊசி போன்ற ஓர் இறால் குஞ்சு தெரியும்.

உருவம் இத்தனை முறை மாறுவதால், எது எதன் பிள்ளை என்று கண்டுபிடிக்கவே மனிதனுக்கு வெகுகாலம் பிடித்தது. பிரேசில் கரையில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர் கடல்நீரை வடித்து, கிடைத்த குடம்பிகளை வரிசைப்படுத்தி, இறாலும் நாப்ளியஸாகவே தொடங்குகிறது என்று 1860களில் சொன்னார். டார்வினுக்கு ஆதரவாக 1864இல் அவர் வெளியிட்ட நூலில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டாததால் சந்தேகமும் தொடர்ந்தது. ஜப்பானின் மோட்டோசாக்கு ஃபுஜினாகா 1930களில் தாய் இறாலைத் தொட்டியில் முட்டையிட வைத்து, நாப்ளியஸிலிருந்து முழு இறால் வரை வளர்த்தெடுத்தார். 1942இல் வெளியான அவருடைய ஆய்வேட்டில் ஒவ்வொரு நிலையும் படத்தோடு இருக்கிறது. இன்றைய இறால் பண்ணைகள் எல்லாம் அதன் பிள்ளைகள். நம் கூனியின் இனத்துக்கே வாழ்க்கை வரலாறு எழுதியவர் எம். கிருஷ்ண மேனன். சென்னைக் கடலில் நண்டு, இறால் குடம்பிகளை 1930களில் தேடித் திரிந்தவர் அவர். மெட்டபீனியஸ் டொப்சோனி பற்றிய கட்டுரை 1951இல் வந்தது. இந்த மனிதர்களின் பொறுமையை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை ஒவ்வொரு தோலுரிப்புக்கும் காத்திருந்து வரைந்திருக்கிறார்கள்.

ஊசிக் குஞ்சு ஏறுநீரோடு களப்பு வாய்க்குள் நுழைகிறது. நீர்கொழும்புக் களப்பு பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதது. சாதாழையும் கண்டலும் உள்ள சேற்றுத் தரையில் அது ஒளிந்து, அழுகிய இலைதழைகளோடு கிடைத்ததைத் தின்று சில மாதம் வளரும். ஆனால் அங்கே முட்டை வைக்காது. பருவமாவதற்கு மறுபடி உப்பு மிகுந்த கடலுக்குப் போயாக வேண்டும். மழை கொட்டி உப்பு குறையும் காலங்களில் இந்தப் புறப்பாடு கூடும். இருட்டில், வற்றுநீர் இழுக்கும் நேரத்தில், கூட்டமாக வாயை நோக்கிப் போகும்.

அங்கே கட்டுதெல் காத்திருக்கிறது. கம்பு நட்டு, வற்றுநீரின் ஓட்டத்துக்கு எதிரே வாய் வைத்துக் கட்டும் வலை அது. தலைமுறைகளாக இதை நடத்திவருபவை கரையோரக் கத்தோலிக்க மீனவர் சங்கங்கள். யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டே பிரிப்பார்கள். வலைக்குத் தப்பியவை வெளிக்கடலில் பருவமாகும்; ஹெந்தளைக் கரைக்கு வெளியே சினை இறால் அகப்படுவதும் அதனால்தான்.

வலையில் சிக்கிய பெரியவை பச்சையாகச் சந்தைக்குப் போகும்; சிறியவை பாயில் காயும். காய்ந்த கூனியின் கருத்த கண் ஒரு சிறு தண்டின் நுனியில் இருப்பதைக் கவனியுங்கள். அந்தத் தண்டுக்குள் சுரப்பது சினைப்பையை அடக்கி வைக்கும் ஹார்மோன். பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ் 1943இல் இறாலின் கண்தண்டை வெட்டி இதை நிறுவினார். பெரிய இறால் குஞ்சுப் பண்ணைகளில் தாயின் ஒரு கண்ணை நீக்கிச் சினைப்பிடிக்க வைப்பது இதன் விளைவு. எனக்குப் பிடிக்காத வேலை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. சுப்பிரமணியம் மணல் நண்டையும் பிறவற்றையும் வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்ததும் ஓடுகழற்றலும் சினையும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதைத்தான். நம் கைப்பிடியிலுள்ள இறால் குஞ்சுகள் கண்தண்டின் அந்தத் தடை நீங்கும் முன்பே பிடிபட்டவை.

காய்ந்த சாக்குகள் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக லாரியில் மலையேறுகின்றன. இங்கே அவற்றுக்குப் பகை ஈரம். தென்மேற்குப் பருவத்தில் ஒரு வாரம் வெயில் தெரியாவிட்டால் கூனி குமைந்து மூக்கைத் துளைக்கும். டின்னில் அடைத்து அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது அதனால்தான். சட்டியில் போட்டதும் சிவப்பது, புரதம் சூட்டில் குலைந்து அதற்குள் கட்டுண்டிருந்த நிறமி விடுபடுவதால்.

லாரி ஏறிவரும் அதே வழியில் நம் தண்ணீர் இறங்கிப் போகிறது. நோட்டனில் பெய்யும் மழை கெசல்கமு ஓயாவில் தேங்கி, லக்சபானவில் மின்சாரமாகி, களனி கங்கையாக மட்டக்குளிக்கும் ஹெந்தளைக்கும் நடுவே கடலில் விழுகிறது. சினை இறால் அகப்படும் கடலும் அதுவே. மலையில் தெளிக்கும் களைநாசினியும் கரைந்தோடும் மண்ணும் இறங்கும் பாதையும் அதுதான். கண்டலை வெட்டிக் களப்பை நிரவுகிறவர்களைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் குருணை நீர்கொழும்புக் கரையெங்கும் ஒதுங்கியதை எல்லோரும் பார்த்தோம். மண் கரைவதை யாரும் படம் எடுப்பதில்லை.

நோட்டன் பிரிட்ஜ் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு பிடி கூனி வாங்கிக் கொடுக்கலாம். பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் காலை எண்ணிப் பிள்ளைகளே இரண்டு கூட்டத்தையும் பிரித்துவிடுவார்கள். முதிர்ந்ததற்குத் தனிக் கிண்ணம், வளராததற்குத் தனிக் கிண்ணம். எந்தக் கிண்ணம் நிறைகிறது என்பதை மாதாமாதம் எழுதி வைத்தால், அவ்வளவு உயரத்திலிருந்தே களப்பின் கணக்கை அவர்கள் வைத்திருக்கலாம்.